டிஜிட்டல் பேக் மாட்டுவது எப்படி? (பணமும் பொறுமையும் மிஞ்சியவர்களுக்கு மட்டும்)

வீட்டில் ஒரு ஹாசல்பிளாட் 500சி/எம் சும்மா கிடக்கிறதா? ஃபிலிம் விலையைக் கேட்டுவிட்டு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்களா? கவலையை விடுங்கள். கேமராவின் பின்னால் இருக்கும் ஃபிலிம் பெட்டியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு டிஜிட்டல் பேக்கை மாட்டினால் போதும், பழைய கேமரா இன்றைய கேமரா ஆகிவிடும். விற்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்த "மாட்டினால் போதும்" என்பதற்குள் என்னென்ன வேலை ஒளிந்திருக்கிறது என்பதை ஒழுங்காகச் சொல்லித்தர ஒருவர் வேண்டுமல்லவா?

முதலில் பேக் வாங்க வேண்டும். புதிது வேண்டாம். புதிது வாங்க வசதியுள்ளவர்களுக்கு ஆலோசனை தேவையில்லை, ஆடிட்டர் இருப்பார். செகண்ட் ஹேண்டில் ஃபேஸ் ஒன் பி25 தேடுங்கள். டென்மார்க் சரக்கு, 22 மெகாபிக்சல், சென்சார் 49க்கு 37 மில்லிமீட்டர். ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்காரர்களே இரண்டு முறை யோசித்து வாங்கிய பொருள். இன்று உங்கள் செல்போன் பெட்டியில் அதைவிடப் பெரிய எண் அச்சடித்திருக்கும். யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், "இது சிசிடி சென்சார், கலரே வேற" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்கும் தைரியம் பெரும்பாலும் யாருக்கும் வராது.

மவுன்ட் விஷயத்தில் கவனம் தேவை. ஹாசல்பிளாட் வி, ஹாசல்பிளாட் எச், மாமியா 645, கான்டாக்ஸ் 645 என்று ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி பேக். ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றில் நேரடியாக உட்காராது. மலிவாகக் கிடைப்பது எப்போதும் உங்களிடம் இல்லாத கேமராவுக்கானதாகத்தான் இருக்கும். இதைத் தடையாக நினைக்கக் கூடாது. அந்தக் கேமராவையும் வாங்கிவிடலாம். இந்தப் பொழுதுபோக்கில் பாதிக் கேமராக்கள் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

கழற்றி மாட்டும் பேக்கின் அருமையை நாசா எப்போதோ புரிந்துகொண்டது. அப்பல்லோ 11 பயணத்தில் நிலவில் படமெடுத்த ஹாசல்பிளாடை அங்கேயே போட்டுவிட்டு, ஃபிலிம் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். எடையைக் குறைப்பதற்காக. இந்தக் கதையை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அலமாரியில் இடம் பண்ண எதைத் தூக்கிப் போடலாம் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

பேக் வந்துவிட்டதா? கீழே இருக்கும் கொக்கிகளில் அதை அமர்த்தி, மேல்பக்கம் அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். இந்த முழு முயற்சியிலும் விற்பனையாளர் சொன்னபடி நடக்கும் ஒரே கட்டம் இதுதான், கொஞ்சம் ரசித்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் பெட்டியில் ஒரு உலோகத் தகடு உண்டு. அதைச் செருகினால்தான் பெட்டியே கழலும், ஃபிலிம் பத்திரமாக இருக்கும். இங்கே தகடு கிடையாது. பேக்கைக் கழற்றிய நொடியிலிருந்து சென்சாரின் கண்ணாடி திறந்து கிடக்கும், தூசி வந்து அமரும். மூடி ஒன்று கொடுத்திருப்பார்கள். நீங்கள் எடுத்து வராத பையில் அது இருக்கும்.

இனி கேபிள். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். 500சி/எம்மில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. கேமராவோ சுத்தமான இயந்திரம். பேட்டரி போட இடமே இல்லை. ஷட்டர் எப்போது திறந்தது என்று பேக்குக்கு யார் சொல்வது? ஃப்ளாஷுக்காக லென்ஸின் ஓரத்தில் ஒரு சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பேக்குக்கு ஒரு மெல்லிய கேபிள் இழுத்துவிட்டால், ஃப்ளாஷுக்குப் போக வேண்டிய சமிக்ஞை பேக்குக்குப் போகும். யோசித்தவர் கெட்டிக்காரர். ஆனால் அந்தக் கேபிளின் முனை 3.5 மில்லிமீட்டர் அகலம்தான். நடுவில் ஒரு ஊசி, சுற்றி ஒரு வளையம், அவ்வளவே பிடிமானம். ஃபோகஸ் திருப்பும் விரல் லேசாக இடித்தாலும் நழுவும். முழுதாகக் கழன்று தொங்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாதி கழன்றால்தான் அதன் மகிமை புரியும்: பட்டனை அழுத்துகிறீர்கள், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி எழும்புகிறது, ஷட்டர் சத்தம் கேட்கிறது, எதிரே நிற்பவர் அழகாகச் சிரிக்கிறார், பேக் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் இருக்கிறது. எனவே கேபிளை ஒன்றுக்கு மூன்றாக வாங்கி வையுங்கள். மூன்றில் எது நல்லது என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பக்கத்திலிருக்கும் பிடியை ஒரு சுற்று சுற்ற வேண்டும். சுற்றுவதற்கு ஃபிலிமே இல்லையே என்றால், எழும்பிய கண்ணாடி இறங்கவும் ஷட்டர் மறுபடி முறுக்கேறவும் அதுதான் வழி. அதுவரை வியூஃபைண்டர் இருட்டுதான். "டிஜிட்டல்னு சொன்னீங்க, கையால சுத்துறீங்களே அங்கிள்?" என்று கேட்கும் பிள்ளைகளைப் படமெடுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

இந்தக் கேமராவின் ஃபிலிம் சட்டகம் 56க்கு 56 மில்லிமீட்டர் சதுரம். சதுரத்தில் படுக்கை, நெடுக்கை என்ற பிரச்சினையே எழாது. கேமராவைத் திருப்பவே தேவையில்லாதபடி செய்தார்கள். நீங்கள் மாட்டியிருப்பது செவ்வகம். நெடுக்காகப் படம் வேண்டுமானால் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய வியூஃபைண்டரைப் பக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். ஏற்கெனவே இடவலம் மாறித் தெரிந்த உருவம் இப்போது தலைகீழாகத் தெரியும். கல்யாண வீட்டில் இதைச் செய்தால் மணமக்களைவிட உங்களைத்தான் அதிகம் பேர் படமெடுப்பார்கள். பிரிஸம் வியூஃபைண்டர் வாங்கினால் இது தீரும். ஆமாம், அதையும் வாங்க வேண்டும்.

இவ்வளவும் பழகிவிட்டால் அடுத்து 4க்கு 5 அங்குல வியூ கேமராவுக்குப் போகலாம். அடாப்டர் பலகை ஒன்றில் ஒரு பக்கம் தரைக்கண்ணாடி, மறுபக்கம் பேக். கண்ணாடியில் ஃபோகஸ் பார்த்துவிட்டுப் பலகையைத் தள்ளினால் பேக் அந்த இடத்துக்கு வரும். அவ்வளவு பெரிய கேமராவில் உங்கள் படம் விழும் இடம் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, லூப்பை அழுத்திப் பிடித்து, அந்தத் தீப்பெட்டிக்குள் கண் இமைகளின் கூர்மையைத் தேட வேண்டும். தரைக்கண்ணாடியும் சென்சாரும் ஒரே தளத்தில் இல்லையென்றால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் நிற்கும். ஃபிலிம் இந்தப் பிழைகளைப் பெருந்தன்மையோடு மறைத்தது. சென்சார் 100 சதவீதத்தில் பெரிதாக்கிக் காட்டும்.

இங்கே பேக்கை முதலில் எழுப்ப வேண்டும். எழுப்பும் பட்டனை அழுத்தி, சில நொடிகளுக்குள் ஷட்டரை அழுத்துங்கள். தாமதித்தால் மறுபடி தூங்கிவிடும். லென்ஸ்களும் கணக்கு மாறி நிற்கும். 4க்கு 5 கேமராவுக்கு நார்மலான 150 மில்லிமீட்டர் லென்ஸ் இங்கே டெலி ஆகிவிடும். வைட் வேண்டுமென்றால் 35 மில்லிமீட்டருக்குப் போக வேண்டும்; அவ்வளவு நெருக்கமாகப் பல கேமராக்களின் பெல்லோஸ் மடங்காது. மடங்கினாலும், ஓரங்களில் சரிந்து விழும் ஒளியால் படத்தின் ஒருபுறம் பச்சையும் மறுபுறம் மெஜந்தாவும் படரும். லென்ஸின் முன் பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டைப் பிடித்து இன்னொரு படமெடுத்து, அதைக் கொண்டு கேப்சர் ஒன் மென்பொருளில் கறையைப் போக்க வேண்டும். லென்ஸை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் இதையே செய்ய வேண்டும். ஒரு கட்டடத்தை எடுக்கப் போய்விட்டு, பாதி கார்டில் வெள்ளைத் தகட்டின் படங்களோடு திரும்புவீர்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஐஎஸ்ஓ 400ஐத் தாண்டாதீர்கள். கோடு போட்ட சட்டைக்காரர்களைத் தவிருங்கள், வானவில் அலைகள் தெரியும். கணினியோடு நேரடியாக இணைக்க ஃபயர்வயர் கேபிள் வேண்டும். உங்கள் லேப்டாப்பில் அந்தப் போர்ட் இருக்காது.

ஒரு குறுக்குவழியும் உண்டு. ஹாசல்பிளாட் 2024 ஜனவரியில் வெளியிட்ட சிஎஃப்வி 100சி பேக், 1957 முதல் வந்த அதன் வி வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் நேராக உட்காரும். 100 மெகாபிக்சல். சாதாரணமாக 500சி/எம்மில் ஒத்திசைவுக் கேபிளும் வேண்டாம். பணம் இருந்தால் அதை வாங்கிவிட்டு நிம்மதியாகப் படமெடுங்கள். இதுவரை படித்ததை மறந்துவிடலாம்.

பழசுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு: கேபிள் சரியாக நிற்கும் நாளில், நல்ல வெளிச்சத்தில், பி25 தரும் முகத்தோல் நிறம் இன்றைக்கும் அபாரம். அதற்காகவே வாங்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன், உங்கள் கேமராவிலேயே அதை மாட்டி, விற்பவர் தரும் அதே கேபிளில், இருபது படங்களாவது எடுத்துப் பாருங்கள். "கேபிள்தானே சார், எங்கேயும் கிடைக்கும்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.