ஒய் ஒன்பது மாமா

கல்யாண மண்டபத்தில் யாராவது "அடுத்த மாசம் சிகாகோ கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிள்ளை எப்படி இருக்கிறான், அங்கே குளிர் எப்படி என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம்.

"என்ன கிளாஸ்?"

"எகானமிதான் மாமா."

"அது கேபின். நான் கேட்டது கிளாஸ். டிக்கெட்ல ஒத்தை எழுத்து ஒண்ணு இருக்கும் பாருங்க."

போனைத் தேடி, டிக்கெட்டைத் தேடி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், அதுவரை யார் கண்ணிலும் படாத ஓர் எழுத்து ஓரமாக நிற்கும். "கே" என்று படித்துச் சொன்னால் மாமா உடனே தீர்ப்பு சொல்ல மாட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்பார். லுப்தான்சாவில் கே என்றால் அடிமட்ட விலை. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அதே கே மேல்தட்டு. லுப்தான்சா என்று தெரிந்ததும் சற்று நேரம் பேச மாட்டார். பிறகு, "யார் எடுத்துக் கொடுத்தது?" என்பார். பாராட்டு போலத்தான் இருக்கும், ஆனால் குரலில் வயிற்றெரிச்சல் தெரியும்.

விஷயம் இதுதான். விமானத்தில் ஒரே வரிசை, ஒரே சாப்பாடு, ஒரே கழிப்பறைக் க்யூ என்றாலும் எகானமி இருக்கைகளைப் பத்துப் பன்னிரண்டு எழுத்துகளாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை, ஒரு நிபந்தனை. மலிவான எழுத்து விற்றுத் தீர்ந்தால் அடுத்த எழுத்துக்கு ஏற வேண்டும். எந்த எழுத்தில் எத்தனை சீட் மிச்சம் என்பதை ஏஜென்ட்டின் திரை "ஒய்9 பி9 எம்4 எல்0" என்று காட்டும். ஒன்பது என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. ஓர் இலக்கத்துக்குத்தான் அங்கே இடம். இதைப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து மாமாவுக்கு மற்றதெல்லாம் படிக்கப் பிடிக்காமல் போய்விட்டது.

இந்த வகை மனிதர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. எல்லோரும் ரயில்வே வெயிட்டிங் லிஸ்டில் பழகி வந்தவர்கள். பொது கோட்டாவில் வெயிட்டிங் 40 நகரும், பூல்டு கோட்டாவில் 4 கூட நகராது, சார்ட் எப்போது போடுவார்கள் என்றெல்லாம் எழும்பூரில் நின்று பாடம் நடத்தியவர்கள். பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் அந்த வித்தை அப்படியே ஆகாயத்துக்கு ஏறிவிட்டது. மாமாவும் ஆரம்பத்தில் டிராவல்ஸ் ஆபீஸ் கவுண்டரில் எக்கி நின்று, அமேடியஸ் என்ற முன்பதிவுத் திரையில் அங்கிருந்த பெண் 'ஏஎன்' என்று தொடங்கித் தேதியும் ஊர்க் குறியீடும் தட்டுவதை மனப்பாடம் செய்தார். பத்து டிக்கெட் விற்கும் நேரத்தில் இவர் ஒருவரையே சமாளிக்க வேண்டியிருந்த அந்தப் பெண்ணுக்கு, வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி வந்தது பெரிய விடுதலை.

அந்த வசதி வந்ததும் மாமாவின் ராத்தூக்கம் போயிற்று. எக்ஸ்பர்ட்ஃப்ளையர் என்ற இணையதளத்துக்குச் சந்தா கட்டினார். வீட்டுக்கு வரும் பத்திரிகையை நிறுத்தியது அந்த மாதம்தான் என்று மாமி சொல்வார். நினைத்த எழுத்தில் சீட் திறந்தால் அந்தத் தளம் மெயில் அனுப்பும். மறுபுறம் ஐடிஏ மேட்ரிக்ஸ். எம்.ஐ.டி.காரர்கள் தொடங்கிய கம்பெனியின் தேடுதளம்; அந்தக் கம்பெனியை 2011இல் 70 கோடி டாலர் கொடுத்து கூகுள் வாங்கியது. எந்த வழியாகப் போனால் என்ன விலை, எந்த எழுத்து என்று பிட்டுப் பிட்டு வைக்கும். ஆனால் ஒரு டிக்கெட்கூட விற்காது. மாமாவுக்கு அதன்மேல் உள்ள மரியாதைக்கே அதுதான் காரணம் என்பது என் சந்தேகம். வாங்கும் பொத்தான் இருக்கும் இடத்தில் அவருக்கு ஒரு படபடப்பு உண்டு.

சரித்திரமும் கைவசம் வைத்திருப்பார். ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவே மாட்டினால் 1978க்குப் போய்விடுவார். அந்த ஆண்டு அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மேலிருந்த பிடியைத் தளர்த்தியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்றொரு மலிவுக் கம்பெனி கிளம்பி, பெரிய கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தது. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் அதே மலிவு விலையை அறிவித்தார், ஆனால் முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு, எண்ணி வைத்த சீட்களுக்கு மட்டும். அவசரமாகப் பறக்கும் வியாபாரியிடம் பழைய விலையே. எந்த விலையில் எத்தனை சீட் என்று கணக்குப் போடக் கம்ப்யூட்டர் இருந்தது. மறு வருஷமே பீப்பிள் எக்ஸ்பிரஸ் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறியது. "அன்னிக்குப் பிடிச்ச சனி, இன்னிக்கு வரைக்கும் நம்மளை விடலை" என்று முடித்துவிட்டு இன்னொரு கரண்டி மோர் கேட்பார்.

போன முறை அவர் இதைவிடச் சிக்கலான விஷயத்தை எடுத்தது தாலி கட்டும் நேரம். "சென்னை–பிராங்க்பர்ட் மட்டும் கேளுங்க, கே பூஜ்யம். பிராங்க்பர்ட் வழியா சிகாகோன்னு கேளுங்க, கே ஏழு. அதே பிளேன், அதே சீட்! ரெண்டு செக்மென்ட்டையும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கான். பேரே மேரீட் செக்மென்ட். பிரிச்சா விலை ஏறும்." கெட்டி மேளத்தையும் மீறி அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததில் பெண்ணின் அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவர் சொல்வது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் பெரிய தொந்தரவே. மாப்பிள்ளை ஒருவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் போக விலை பார்த்துவிட்டு, "காலையில் ஒரு விலை, இப்போ ஒரு விலை. நான் தேடறதைப் பார்த்துட்டு ஏத்தறான் மாமா" என்று புலம்பினார்.

"காலையில் யாருக்குப் பார்த்தீங்க மாப்ளே?"

"சும்மா, ஒருத்தருக்கு."

"இப்போ?"

"நாலு பேருக்கும்."

"அவன் உங்களைப் பார்க்கலை. மலிவு எழுத்துல மூணு சீட்தான் இருக்கு. நாலு கேட்டா, நாலு பேரையும் சேர்த்து அடுத்த எழுத்துக்குத் தூக்கிடுவான். மூணு பேருக்குத் தனியா எடுங்க, ஒருத்தருக்குத் தனியா எடுங்க."

அப்படியே செய்தால் மிச்சம் நிச்சயம். ஆனால் மாப்பிள்ளை கார்டை எடுத்த நொடியில் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரப்படாதீங்க. செவ்வாய்க்கிழமை இதுக்கும் கீழே ஒண்ணு திறக்கும்." செவ்வாய்க்கிழமை திறக்கவில்லை. இருந்த மூன்றும் போயின. எத்தனை சீட் மிச்சம் என்று திரை சொல்லும், நாளைக்கு என்ன திறக்கும் என்று சொல்லாது. அதைத் தீர்மானிப்பது எங்கோ இருக்கும் கம்பெனியின் மென்பொருள். அதனிடம் மாமா பேச்சு எடுபடாது.

மாமியின் கட்சி வேறு. "எங்க அம்மா ஊருக்குப் போகணும்னா பஸ்ஸே போதும்பார். இவர் அக்கா பையன் ஊருக்குப் போகணும்னாதான் இந்த ஏ பி சி டி எல்லாம்." தனக்கு வேண்டும்போது மாமி போனில் இரண்டு தட்டுத் தட்டி டிக்கெட் எடுத்துவிடுகிறார். எழுத்து என்ன என்று பார்ப்பதே இல்லை.

இந்த ஆசாமியை அடையாளம் காண ஒரு சுலப வழி உண்டு. டிக்கெட் எடுத்த பிறகு மற்றவர்கள் விசாவைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இவர் தினமும் ராத்திரி, எடுத்து முடித்த அதே விமானத்தைத் திறந்து பார்ப்பார். விலை ஏறியிருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நல்ல காலம். இறங்கியிருந்தால் யாரும் கிட்டே போகாமல் இருப்பது நல்லது. சீட் படத்தில் இடமே இல்லாமல் ஒய் மட்டும் ஒன்பது காட்டினால், கொள்ளளவுக்கு மேல் விற்கிறான் என்று வாட்சப் குழுவில் எல்லோரையும் எழுப்புவார். கொள்ளளவுக்கு மேல் விற்பது உண்மைதான். அதற்காக ராத்திரி ஒரு மணிக்கு எழுப்ப வேண்டுமா?

விமானத்துக்குள்ளும் ஓய மாட்டார். பெல்ட்டைப் போட்டதும் பக்கத்து சீட்காரரிடம் நயமாக எழுத்தை வாங்கிவிடுவார். அவர் 'எம்' என்றால், தான் 'எல்' என்ற நிறைவில் உப்புமாகூட ருசிக்கும். ஒருமுறை அந்த 'எம்' ஆசாமி சாவகாசமாகத் திரும்பி, "தெரியலை சார், கம்பெனி எடுத்தது. நான் காசு கொடுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார். அதற்கப்புறம் பிராங்க்பர்ட் வரை மாமா வாய் திறக்கவில்லை என்று மாமி சந்தோஷமாகச் சொல்கிறார்.

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். மூன்று பேருக்குத் தனியாக எடுக்கலாமா, வழி மாற்றிக் கேட்கலாமா என்று அவரைத் தாராளமாகக் கேளுங்கள், நாலு காசு மிஞ்சும். எப்போது வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். வாங்கிய பிறகு விலையை அவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.