சாவிக்கொத்தின் குற்றம்

ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) கம்பெனிக்குத் தரக்கட்டுப்பாடு தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008-ல் அந்தக் கம்பெனி தன் ஊழியர்களுக்கு நடத்திய ஒரு வகுப்பே அதற்குச் சாட்சி. வண்டியில் வரும் கோளாறுகளைப் பற்றி எழுதும்போது தொடவே கூடாத சொற்கள் என்று 69-ஐப் பொறுக்கியெடுத்துப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ‘மரணப்பொறி’ கூடாது. ‘டைட்டானிக்’ கூடாது. ‘உருளும் சவப்பெட்டி’ கூடவே கூடாது. ‘ஆபத்து’, ‘பழுது’, ஏன், ‘பாதுகாப்பு’கூடத் தீட்டு. பழுது என்று எழுதக் கை வந்தால் ‘வடிவமைத்தபடி இயங்கவில்லை’ என்று எழுத வேண்டும். சவப்பெட்டி என்று எழுதாதே என ஒருவர் முன்கூட்டியே யோசித்துத் தடை போடுகிறார் என்றால், அப்படி எழுதத் தோன்றும் வண்டி ஏதோ அவர் கண்முன்னே நின்றிருக்க வேண்டும்.

சொல்லை இவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தவர்கள் கோட்டைவிட்டது ஒரு ஸ்விட்ச்சில்.

சாவியைப் போட்டுத் திருப்புகிறோமே, அந்த இக்னிஷன் ஸ்விட்ச்தான். உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங் சின்ன ஊசியொன்றைத் தள்ளிப் பிடித்திருக்கும். அந்தப் பிடியில்தான் சாவி ‘ரன்’ நிலையில் நிற்கும். ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயன் போன்ற கார்களில் இந்தப் பிடி சொத்தை. சாவிக்கொத்து கொஞ்சம் கனத்தாலோ, முழங்கால் பட்டாலோ, சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினாலோ, சாவி தானாகவே ஒரு படி பின்னால் வந்து ‘அக்சசரி’யில் நின்றுகொள்ளும். எஞ்சின் அணையும். பவர் ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக்கை மிதிக்கக் கூடுதல் பலம் வேண்டும். இதன் உச்சம் இனிமேல்தான். சாவி அக்சசரியில் இருந்தால் வண்டி சும்மா நிற்கிறது என்றே காரின் மூளை முடிவுகட்டிவிடும். அதனால் ஏர்பேக் விரியாது. அறுபது மைல் வேகத்தில் மரத்தை நோக்கிப் போகும் காரை ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்று நம்பும் அறிவை அதற்குப் புகட்டியிருந்தார்கள்.

கம்பெனியே விதித்த அளவுக்கு இந்த ஸ்விட்ச்சின் பிடி இல்லை. தெரிந்துதான் 2002-ல் அதற்கு ஒப்புதல் தந்தார் பொறுப்பிலிருந்த பொறியாளர். அதே ஆண்டு எழுதிய ஒரு மின்னஞ்சலில், இந்த ‘நரகத்து ஸ்விட்ச்’சால் தான் அலுத்துப்போனதாகத் தன் பெயருக்கு நடுவிலேயே சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார். அவருக்கு அலுத்துவிட்டது. ஆகவே நரகத்தைப் பொதுமக்களுக்கு அனுப்பிவைத்தார்.

2005-ல் புகார்கள் குவிந்தன. மாற்று யோசனைகளைப் பொறியாளர்கள் முன்வைக்க, ‘கட்டுப்படியாகாது’ என்று மேலிடம் தள்ளிவிட்டது. 2014-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் இந்தப் பழுதை நீக்க ஒரு வண்டிக்கு ஆகும் செலவாகச் சொல்லப்பட்டது 57 சென்ட். அன்றைய மதிப்பில் நம்மூர் டீக்கடையில் மூன்று டீயும் ஒரு வடையும். பழுதை நீக்குவதற்குப் பதிலாக 2005-ல் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது: சாவிக்கொத்தில் இருக்கும் தேவையற்ற சாமான்களைக் கழற்றிவிடும்படி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுங்கள். ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றுபோவதைக் குறிக்கும் வழக்கமான சொல்லைச் சுற்றறிக்கையில் கவனமாகத் தவிர்த்திருந்தார்கள். அது கண்ணில் பட்டால் அரசு அதிகாரிகள் விழித்துக்கொள்வார்களாம். ஆக, குற்றவாளி பிடிபட்டுவிட்டான்: உங்கள் வீட்டுச் சாவி.

நெடுஞ்சாலையில் எஞ்சின் அணைவதைக் கம்பெனி எந்தக் கணக்கில் வைத்திருந்தது தெரியுமா? ‘வாடிக்கையாளர் வசதி’. பாதுகாப்புக் கணக்கில் இல்லை. இருக்கையின் மெத்தை கொஞ்சம் உறுத்துகிறது என்பதும், ஸ்டீயரிங் திரும்பவில்லை என்பதும் ஒரே வரிசையில் நின்றன.

ஏர்பேக் ஏன் விரியவில்லை என்பது மட்டும் பல ஆண்டுகள் யாருக்கும் புரியாத மர்மமாகவே இருந்ததாம். விஸ்கான்சின் மாநிலத்தில் 2006-ல் ஒரு கோபால்ட் விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த இரண்டு பதின்வயதுப் பெண்கள் இறந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்த மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் 2007-லேயே எழுதிவிட்டார்: சாவி அக்சசரியில் இருந்தது, ஏர்பேக் விரியவில்லை, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். கம்பெனியின் பழைய சுற்றறிக்கையையே தேடியெடுத்து ஆதாரமும் காட்டினார். அந்த அறிக்கையின் நகல் கம்பெனியின் சட்டப்பிரிவுக் கோப்பில் கிடந்தது. உள்ளே இருந்த பொறியாளர் படை அதே முடிவுக்கு வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

அவர்கள் திணறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006-ல் அதே ‘நரகத்து’ப் பொறியாளர் சத்தமில்லாமல் ஸ்விட்ச்சைத் திருத்தினார். பிடி இறுகியது. பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண். புது கார்களில் கோளாறு இல்லையே, பழையவற்றில் மட்டும் ஏன் என்று விசாரணைக் குழு மண்டையைப் பிய்த்துக்கொண்டது. முடிச்சை அவிழ்த்தது வெளியாள்: ஜார்ஜியாவில் மகளைப் பறிகொடுத்த பெற்றோரின் வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர். கடையில் புது ஸ்விட்ச் ஒன்றை வாங்கிப் பழையதோடு ஒப்பிட்டார். குட்டு வெளிப்பட்டது.

கம்பெனியே நியமித்த வழக்கறிஞர் ஆண்டன் வலூகாஸின் அறிக்கை 2014 ஜூனில் வந்தது. அதில் இரண்டு நடன முத்திரைகள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று ‘ஜி.எம். சல்யூட்’: கைகளை மார்பின் குறுக்கே மடித்து, விரல்களை இருபுறமும் நீட்டி, பொறுப்பு பக்கத்து ஆளுடையது என்று காட்டுவது. மற்றது ‘ஜி.எம். தலையாட்டல்’: திட்டத்துக்கு அறையில் உள்ள எல்லோரும் தலையசைப்பார்கள், கதவைத் தாண்டியதும் ஒருவரும் விரலசைக்க மாட்டார்கள். பாதுகாப்புக் கூட்டங்களில் குறிப்பெடுக்கவே பயந்தார்களாம், அதை வக்கீல்கள் விரும்பமாட்டார்கள் என்று. பரதமுனி அறியாத அபிநயம்.

கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பு என்ன செய்தது என்றால், 2007-லும் 2010-லும் விசாரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தது. போதும், அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் தாளுக்குக் கேடு.

இடையில் ஒரு மறுபிறப்பும் நடந்தது. 2009-ல் கம்பெனி திவாலானது. அமெரிக்க அரசு சுமார் 4,950 கோடி டாலர் மக்கள் பணத்தை ஊற்றி உயிர்கொடுத்தது. பிழைத்து எழுந்ததும், 2009-க்கு முந்தைய பாவங்கள் ‘பழைய’ ஜி.எம்.முடையவை, எங்களை வழக்குக்கு இழுக்காதீர்கள் என்று ‘புதிய’ ஜி.எம். நீதிமன்றத்தில் வாதாடியது. முற்பிறவி வினை தொடரும் என்பது ஏழைகளுக்கு மட்டும் விதித்த தத்துவம்போல. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.

2014-ல்தான் ரீகால். உலகெங்கும் 26 லட்சம் கார்கள். இறந்தவர்கள் 13 பேர் என்றுதான் கம்பெனி கணக்குச் சொன்னது. கம்பெனியின் இழப்பீட்டு நிதி தகுதியானவை என்று ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. சட்டம் அனுமதித்த உச்ச அபராதத்தையே அரசு விதித்தது: 3.5 கோடி டாலர். அப்போது ஆண்டுக்கு 15,500 கோடி டாலர் விற்றுவரவு கண்ட கம்பெனிக்கு அது இரண்டு மணி நேர வரவு. 2015-ல் குற்றவியல் வழக்கை ஒத்திவைக்க 90 கோடி டாலர். மூன்று ஆண்டுகள் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று 2018-ல் அந்த வழக்கும் கைவிடப்பட்டது. வேலை போனது 15 பேருக்கு.

டெக்சாஸில் 2004-ல் ஓர் இளம்பெண் ஓட்டிய சாட்டர்ன் அயன், சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. உடன் வந்த காதலன் இறந்துபோனான். தன் தவறுதான் என்று அவளே நம்பினாள். வண்டியில் மின்சாரம் போனது காரணமாக இருக்கலாம் என்று 2007 மே மாதம் கம்பெனியின் உள்விசாரணை குறித்துவைத்தது. ஐந்து மாதம் கழித்து அவள் நீதிமன்றத்தில் நின்று, அலட்சியத்தால் ஓர் உயிரைப் போக்கியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். விஷயம் தெரிந்த ஒருவரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. தண்டனைத் தீர்ப்பு ரத்தானது 2014 நவம்பரில். அந்த ஸ்விட்ச்சுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி ஒருவர்மீதுகூடக் குற்றவழக்கு போடப்படவில்லை.