வழுக்குத் தரை

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் அன்றைக்கு நடப்பதே ஒரு வித்தை. தொழிற்பேட்டைப் பக்கம் போகிற மண்பாதை களியாய்க் குழைந்து கிடக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த சுகம் உங்களுக்கும் நினைவிருக்கும். கிணற்றடியில் பாசி படர்ந்தால் ஆயா அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவுவாள். "டேய், நிறைமாசக்காரி மாதிரி நடடா" என்பாள். மீசை அரும்புகிற பயலிடம் சொல்கிற பேச்சா இது! புது ஹவாய் செருப்பு சேற்றை என் முதுகுவரை வாரியடிக்க, நெஞ்சை நிமிர்த்தி நடப்பதுதான் நாகரிகம் என்று நம்பிய காலம் அது.

அப்போதுதான் பாரீசுக்குப் பக்கத்துச் சர்சேலிலிருந்து சித்தப்பா விடுமுறைக்கு வருவார். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று இருந்துவிட்ட சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் குடும்பம். பாரீசு குளிரைப் பற்றி அவர் சொல்லக் கேட்கத் தெருவே கூடும். "பனி கொட்டினா பயமில்ல தம்பி. அது உருகி, ராத்திரி மறுபடி உறைஞ்சு, தரையோட தரையா கண்ணுக்குத் தெரியாம கிடக்கும் பாரு, வெர்க்லா, அதுதான் ஆளைச் சாய்க்கும். அடியைச் சின்னதா வை, பாதத்தை முழுசாப் பதி, பாரம் முன்காலில் இருக்கட்டும், கையைப் பாக்கெட்டுல விடாதே." வாயைப் பிளந்து கேட்டோம். ஆயா சொன்னதும் அதேதான். அவளுக்குத்தான் பிரெஞ்சு வராது. அங்கே நகராட்சி உப்புத் தூவுமாம். உப்புப் பட்டால் தண்ணீர் உறைய இன்னும் கடுங்குளிர் வேண்டும். எங்கள் கிணற்றடிக்குச் சாம்பலின் சொரசொரப்பே போதுமாயிருந்தது.

இன்று பாதையெல்லாம் சிமெண்டு, கிணறு இருந்த இடத்தில் கார். கூடத்தில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். ஆசை ஆசையாய் நானே பொறுக்கியெடுத்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அன்று தெருவில் முழங்கால் தண்ணீரைக் கட்டைவிரல் ஊன்றிக் கம்பீரமாகக் கடந்து வந்தவன், கூடத்தில் ஈரக்காலை வைத்ததும் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாம்பலுக்கு எங்கே போவது, வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.

டைல்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, வெறுங்காலோடு நாலடி நடந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.