எவனோ ஊறப்போட்ட ஜீன்ஸ்

மெஸ் பில்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எவனோ இரண்டாவது தடவை வரிசையில் நின்று வாங்கிய சிக்கனுக்கு நான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்? ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்ட நாட்களைக் கழித்துத் தரச் சொன்னால் மெஸ் செகரட்டரி ஏன் என்னை நன்றிகெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான்? மொத்தச் செலவை எல்லார் தலையிலும் பிரித்துப்போடும் டிவைடிங் சிஸ்டத்தில் தலைக்கணக்கு மட்டும் ஏன் மாதாமாதம் இளைத்துக்கொண்டே போகிறது? எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். இன்று காலை என் வாளியைக் காணோம்.

பதற வேண்டாம். விடுதியில் எந்த வாளியும் தொலைவதே இல்லை. மாடி மாறும், அவ்வளவுதான். என்னுடையது மூன்றாம் மாடிக் கடைசிப் பாத்ரூமில் இருந்தது. பார்த்த சந்தோஷத்தில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. உள்ளே ஒரு ஜீன்ஸ் ஊறிக்கொண்டிருந்தது.

சிக்கலே இங்கேதான். காலி வாளியென்றால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். வெறும் தண்ணீர் இருந்தாலும் கொட்டிவிடலாம், கொஞ்சம் மனசு உறுத்தும், பரவாயில்லை. ஊறுகிற துணி அப்படியில்லை. அதற்கென்று ஓர் அந்தஸ்து இருக்கிறது. துணியை வெளியே எடுத்துத் தரையில் போட்டால் நான் கெட்டவன். கொடியில் போடலாமென்றால் சோப்பை அலசாமல் போட முடியாது. அலச ஆரம்பித்தால் முழுசாகத் துவைத்தாக வேண்டும், ஏனென்றால் அரைகுறையாக அலசிய ஜீன்ஸைக் காயப்போட மனிதனாய்ப் பிறந்தவனுக்கு மனசு வராது. ஆக, என் வாளியை நான் மீட்க வேண்டுமானால் முகம் தெரியாத ஒருவனுடைய ஜீன்ஸை நான் துவைத்துக் கொடுக்க வேண்டும். சர்ஃப் மட்டும் அவனுடையது. அதுகூட நிச்சயமில்லை, என் டப்பாவில் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது.

குனிந்து பார்த்தேன். நுரை முழுக்க அடங்கியிருந்தது. தண்ணீர் கருநீலம். ஓரத்தில் ஒரு கொசு மிதந்தது, அதுவும் நேற்றே காலமானதாகத் தெரிந்தது. ஆகவே இது காலையில் ஊறப்போட்டதல்ல. நேற்று ராத்திரி ஏதோ ஓர் உத்வேகத்தில், நாளையிலிருந்து ஒழுங்காக இருக்கப்போகிறேன் என்று எவனோ முடிவெடுத்து, ஊறப்போட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான். ஜீன்ஸை ஊறப்போடுவதற்குத்தான் வீரம் வேண்டும். அந்த வீரம் துவைக்கிற வரைக்கும் நிற்காது. காய்ந்த ஜீன்ஸை ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு வருபவர்கள், நனைந்த பிறகு அதன் கனத்தைப் பார்த்து மிரண்டு, 'இன்னும் கொஞ்சம் ஊறட்டும்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கொஞ்சத்துக்குக் கணக்கே கிடையாது. துணி நாறி, பக்கத்து அறைக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் அது முடிவுக்கு வரும். இடைப்பட்ட நேரம் முழுக்க ஒரு வாளி சிறையிருக்கிறது.

தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக அங்கேயே நின்றேன். முதல் வருடப் பையன் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டே வந்தான். வாளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இது உங்க ஜீன்ஸாண்ணா?"

"ஜீன்ஸ் என்னுது இல்ல தம்பி. பக்கெட்தான் என்னுது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஏண்ணா அடுத்தவங்க ஜீன்ஸை உங்க பக்கெட்ல போட்டீங்க?" என்றான்.

பக்கத்து அறையில் சட்ட மாணவன் இருக்கிறான். விடுதியில் எதற்கும் ஆலோசனை இலவசம், பணம் கொடுத்தாலும் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதல்லவா, அதில் 303ஆம் பிரிவு திருட்டு என்றான். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை கிடையாதாம். சமூக சேவைதான் தண்டனையாம். எனக்கு அதைக் கேட்டதும் ஓர் ஆனந்தக் காட்சி தோன்றியது. ஜீன்ஸ்காரன் எல்லா மாடிப் பாத்ரூம்களையும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறேன். "ஆனா நேர்மையற்ற எண்ணத்தோட எடுத்தான்னு நீங்க நிரூபிக்கணும்ணா" என்று அந்தப் படத்தை அவனே ஓடவிடாமல் நிறுத்தினான். "எடுத்துட்டு அப்புறம் வச்சிடலாம்னு நெனச்சேன்னு சொல்லிட்டா?" அந்த வாக்கியத்தைச் சொல்லாத ஒருவன் இந்தக் கட்டடத்தில் இருக்கிறானா?

சிவில் வழக்காகப் போட்டால்? காலவரையறைச் சட்டப்படி அசையும் பொருளை மீட்க மூன்று வருடம் அவகாசமாம். பொருள் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியவரும் நாளிலிருந்து அது தொடங்குமாம். எனக்குத்தான் யாரென்றே தெரியாதே! ஆகவே என் அவகாசம் இன்னும் தொடங்கவேயில்லை. பிஎச்.டி. முடித்து, வேலை கிடைத்து, ஓய்வுபெற்ற பிறகும் நான் தாராளமாக வழக்குப் போடலாம். முதல் விஷயம் நடந்தால்தானே மற்றவை.

வாளியில் பெயர் எழுதி வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதினேன். மார்க்கர் பேனாவில் அறை எண்ணோடு எழுதினேன். சோப்புத் தண்ணீரில் கரைந்து எண் மட்டும் போய்விட்டது. ஆணியைக் காய்ச்சி இனிஷியலைப் பொறித்தேன். அதே இனிஷியலில் இந்த விடுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் பெயரால் பயனில்லை என்பது நம் வீடுகளிலேயே நிரூபிக்கப்பட்ட உண்மை. நம்மவர்கள் எவர்சில்வர் வாங்கினால் பெயர் வெட்டாமல் கடையை விட்டு இறங்குவதில்லை. அப்படியும் நம் எல்லார் வீட்டிலும் நமக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் இனிஷியலோடு ஒரு தூக்குச்சட்டி இருக்கிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பல வருடமாக அதில்தான் தயிர் உறைகிறது. எந்த வீட்டிலோ எங்கள் தூக்கில் அவர்கள் மோர் கொண்டுபோய்க்கொண்டிருப்பார்கள்.

திருடு போகாத வாளி ஒன்று உண்டு: ஏஷியன் பெயின்ட்ஸ் காலி டப்பா. 20 லிட்டர். அதன் கம்பிக் கைப்பிடி தண்ணீர் நிரம்பினால் விரலை அறுத்துவிடும் என்பதால் எவனும் தொடமாட்டான். நான்காம் மாடியில் ஒரு கணிதத் துறை ஸ்காலர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறார். இந்த விடுதியில் கவலையில்லாத மனிதர் அவர் ஒருவர்தான். ஆனால் எனக்கு அந்த அளவுக்குப் பற்றறுக்க முடியவில்லை.

மக் வேறு, அதைச் சொல்லிவிடுகிறேன். மக் எந்தக் காலத்திலும் தனிச்சொத்தாக இருந்ததில்லை. பாத்ரூமுக்குள் போகிறவன் அங்கே கிடக்கும் மக்கை எடுத்துக் குளிப்பான், வெளியே வரும்போது கையோடு வந்தால் வரும். இதில் தவறேதும் இல்லை. என் அறையில் இப்போது இருக்கும் மக்குகள் எல்லாமே அப்படித் தாமாக வந்து சேர்ந்தவை.

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏரிப் பாசனம். ஊர்ப் பொதுவான தண்ணீரை ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்ளாமல் எப்படிப் பங்கிட்டார்கள் என்பது தலைப்பு. காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஆரம்பிப்போம். பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு மாட்டை ஓட்டிவிட்டால் நிலம் மொட்டையாகும் என்றார். மேய்ச்சல் நிலம் எதற்கு, எங்கள் மூன்றாம் மாடியே போதுமே. அவருக்குப் பதில் சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். மக்கள் தாங்களே விதி வகுத்துப் பொதுச்சொத்தைக் காப்பாற்றுவார்கள் என்று 1990இல் புத்தகம் போட்டார், 2009இல் நோபல் பரிசு வாங்கினார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், கண்காணிக்க ஆள் வேண்டும், மீறினால் சின்னதாக ஆரம்பித்துப் படிப்படியாகத் தண்டனை வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் எந்த விடுதியிலும் ஜீன்ஸ் ஊறிய வாளிக்கு முன்னால் நின்றிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

நம் ஊர் ஏரிகளில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் அறுவடையில் நெல். ஏரி நிறைந்திருக்கும்போது அவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தண்ணீர் குறைந்தால்தான் அவர் பேச்சு எடுபடும். முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் பாளம் பாளமாக வெடித்தபோது நான் இளங்கலை, வேறொரு விடுதி. லாரித் தண்ணீர் வரும், ஆளுக்கு ஒரு வாளி. அந்த இரண்டு மாதமும் ஒரு வாளிகூட இடம் மாறவில்லை. எல்லாரும் அவரவர் வாளியைக் கட்டிலுக்கடியில் வைத்துக் காவல் காத்தோம். மழை பெய்தது, பண்பாடு போயிற்று.

இதையெல்லாம் என் கைடிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "நல்லா இருக்கே, இத ஒரு சாப்டரா பண்ணேன்" என்றார். ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று யு.ஜி.சி. சொல்கிறது. இவர் அத்தியாயம் சேர்க்கிறார்.

நிர்வாகமும் சும்மா இல்லை, சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 'குளியலறைகளில் விட்டுச்செல்லப்படும் வாளிகள் அப்புறப்படுத்தப்படும். மாணவர்கள் ஒழுக்கத்துடன் நடந்துகொள்ள வேண்டும்.' காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் ஒருவன் வாளியைத் தேடுகிறான். ஷவர் இருந்த இடத்தில் வெறும் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. வெந்நீர் கிடையாது, ஆகவே தடைசெய்யப்பட்ட ராடு எல்லா அறையிலும் இருக்கிறது. 1,500 வாட் ராடு. சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பிளக், அது ஏறக்குறைய 1,400 வாட் வரைதான் தாங்கும். மார்கழி மாதம் விடிகாலையில் மாடி மாடியாக ஃப்யூஸ் போவதை வைத்தே மணி சொல்லலாம். போன வருடம் ஒரு வாளி என்னிடம் திரும்பி வந்தது, பக்கவாட்டில் ராடு உருக்கிய ஓட்டையோடு. இருவர் அறையில் மூவரைப் போட்டவர்கள், மூன்றாமவனுக்குக் கட்டில் கொடுத்தார்கள், அலமாரியைக் கொடுக்கவில்லை. ஒழுக்கம் பற்றி அவர்களுக்கு நான் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

என்னோடு படித்தவர்கள் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கி இ.எம்.ஐ. கட்டுகிறார்கள். போன வாரம் ஒருவன் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தான். பாத்ரூமைத் திறந்து காட்டி, "இத்தாலியன் டைல்ஸ்டா" என்றான். நான் டைல்ஸைப் பார்க்கவில்லை. மூலையில் ஒரு வாளி இருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதன் மேல் பெயர்கூட எழுதியிருக்கவில்லை.

சரி, மெஸ் பில். டிவைடிங் சிஸ்டத்தின் அடிப்படை அநியாயம் என்னவென்றால்… இருங்கள், போன் அதிர்கிறது. காலையில் விடுதி வாட்ஸ்அப் குழுவில் வாளியைப் படம் பிடித்துப் போட்டு, ஜீன்ஸுக்கு உரியவர் உடனே வந்து எடுத்துக்கொள்ளவும், இல்லையென்றால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தேன். இதுவரை தம்ஸ்-அப் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது ஒருவன் வாய் திறந்திருக்கிறான்:

"அண்ணா, ஜீன்ஸ் யாருதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு அடியில ஒரு வெள்ளைச் சட்டை இருக்கும், அது என்னுது. சாயம் ஏறிடப் போகுது, கொஞ்சம் எடுத்து அலசிப் போட்டுடுங்கண்ணா."