வீட்டுக்கல்வி இயல், கானாடுகாத்தான் உரையுடன்

இவ்வியல் என்ன நுதலிற்றோ எனின், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தல் தகுமோ தகாதோ என ஆராய்தல் நுதலிற்று. இதனைப் பாடத்திட்டத்தால் வகுப்பாரும் உளர். பெற்றோர் சம்பளத்தால் வகுப்பாரும் உளர். இரண்டும் பொருந்தா. பாடம் நடக்கும் இடம் வீடாதலின் வீட்டின் பகுதிகளைக் கொண்டு வகுப்பதே நம் துணிபு. அதற்கு வீடு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தை வைத்துக்கொண்டு இலக்கணம் செய்ய முடியாது. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வீடு கட்டிய செட்டிநாட்டுக் கானாடுகாத்தானை நாம் எடுத்துக்கொண்டது அதனால்.

முதல் வகை திண்ணைக் கல்வி. செட்டி வீட்டுப் பையன் மணலில் எழுத்துப் பழகி, எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும். மாகாணி என்றால் 1/16, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. இந்தப் பின்னங்களில் வட்டியை வாயாலேயே சொல்லத் தெரிந்தவுடன் கப்பலேற்றிவிடுவார்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியிலோ பணப்பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அவன் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள். கெட்டிக்காரனாக இருந்தால் முதலாளியின் ஏஜெண்டு. இக்கல்விக்கு மதிப்பெண் பட்டியல் கிடையாது. ஐந்தொகை ஒத்து வந்தால் தேர்ச்சி, ஒத்து வராவிட்டால் இராத்திரி முழுக்கப் பேரேடு. 1930ஆம் ஆண்டை ஒட்டிப் பர்மாவில் மட்டும் சுமார் 1650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாக வங்கித்தொழில் விசாரணைக் குழு எழுதிவைத்திருக்கிறது. இத்தனை கிளைகளை நடத்த ஆள் தயாரித்துக் கொடுத்த வணிகக் கல்லூரி எது என்று கேட்டால், இரண்டு தூணும் ஒரு திண்ணையும்தான்.

அஃதேல் இதுவே தலையாய கல்வியாம் பிற எனின், அற்றன்று. வீடு தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லிக்கொடுக்கும். வட்டிக்கணக்கு தெரிந்தது; கடன்பட்ட பர்மிய விவசாயியின் மனக்கணக்கு தெரியவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்தது. கடன் திரும்பாமல் நிலமாகத் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார் கைக்கு வந்து, அதனாலேயே பகையும் வந்தது. 1942இல் ஜப்பான் நுழைந்தபோது பேரேட்டைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. எண்சுவடியில் இதற்கு வாய்பாடு இல்லை.

இரண்டாவது வளவுக் கல்வி, பெண்பிள்ளைகளுக்கு உரியது. நடுமுற்றமான வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. கூரை ஒன்று, அடுப்பும் கணக்கும் வேறு. அப்பச்சி, அதாவது தகப்பனார், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வருவார், போவார். இடையில் வேலையாளுக்குக் கூலி, சீர்ச் சாமான் பட்டியல், பத்தாயத்து நெல், பங்காளி வீட்டு விசேஷத்துக்கு எழுதிய முறை எல்லாவற்றையும் ஆத்தாவும் அப்பத்தாவும் கட்டிக் காத்ததைப் பார்த்தே பெண் வளர்ந்தது. நிர்வாகத்தில் இவர்களை அடுத்தாள் அல்ல, ஏஜெண்டே வெல்ல முடியாது. ஆனால் இந்தப் படிப்புக்குப் பட்டாலையோடு எல்லை. அங்கே ஆண்கள் பேச உட்கார்ந்துவிட்டால் மாணாக்கி உள்கட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது வகையைப் பலர் எண்ணுவதே இல்லை: அந்த வீடுகளைக் கட்டியவர்களின் வீட்டுக்கல்வி. சுண்ணாம்பு அரைத்துச் சுவரை வழவழப்பாக்கிய கொத்தனார் மகனும், கதவு இழைத்த ஆசாரி மகனும் படித்தது வீட்டில், ஆசான் தகப்பன். அதே கல்வி வசதியானவன் வீட்டில் நடந்தால் மாற்றுக்கல்வி, இல்லாதவன் வீட்டில் நடந்தால் குழந்தைத் தொழில். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத உதவி செய்யலாம் என்று நடுவில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தது. கோடு எங்கே இருக்கிறது என்று உளி பிடித்த பையனுக்குத் தெரியுமா? காமராசர் காலத்து மதிய உணவும் 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளியில்தான் கிடைக்கின்றன. வீட்டிலேயே படி என்பது வீட்டில் சோறு உள்ளவன் வாக்கு.

நான்காவது பூட்டிய வீட்டுக் கல்வி. ஆசிரியர் சாவிக்கொத்து வைத்திருக்கும் காவற்காரர். மாணவர் சுற்றுலா வந்தவர். அரைமணியில் முடிந்துவிடும்.

இங்கே ஒரு சான்று தரத்தக்கது. லேவாதேவியில் பணம் சேர்ந்ததும் செட்டிநாட்டார் என்ன கட்டினார்கள்? திண்ணையை நீட்டவில்லை. கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார்; 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். ஐந்தொகை பார்க்கத் தெரிந்தவர்கள் எந்தப் பக்கம் பணத்தைப் பற்று எழுதினார்கள் என்பதை வீட்டுக்கல்வி அன்பர்கள் கவனிக்க.

இனிப் பெயர்ந்தோர் வினா. சிங்கப்பூரிலிருந்து திரும்பிப் பூர்வீக வீட்டைத் திறந்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் தாங்களே படிப்பிக்க விரும்பும் தம்பதியர்க்கு விடை யாது? சிங்கப்பூரில் 2003 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி இதற்கு அனுமதி வாங்கவும், ஆறாம் வகுப்பு முடிவில் பொதுத்தேர்வு எழுதவும் வேண்டும். இங்கே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்ன என்று சொல்லவில்லை. பதினான்கு வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஆகவே வழி உண்டு. அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் நேரம், பொறுமை, தமக்குத் தெரியாத பாடத்துக்கு வெளியாளைக் கூப்பிடும் அடக்கம் மூன்றும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். புறனடை ஒன்று: அத்தனை அறையுள்ள வீட்டில் பிள்ளை ஒளிந்துகொண்டால் கண்டுபிடிக்க இன்னொரு பிள்ளை இருக்க வேண்டும். இல்லையெனில் வரும் திங்கட்கிழமையே பள்ளியில் சேர்க்க என்க.