தேடல் சார்

பத்து நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டுத் தேடல் சார் திரும்பி வந்தார். அன்றிலிருந்து எங்களில் யாராலும் வாய் திறக்க முடியவில்லை.

எங்களில் என்றால், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாலை ஆறு மணிக்கு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருகிற நான்கு பேர். பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற எஞ்சினியர், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய வாத்தியார், நான், தேடல் சார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்படி ஒருவர் இல்லாத பூங்கா சென்னையில் கிடையாது. அடையாறு பக்கம் போனால் அவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசுவார், இன்னொரு பேட்டையில் வேதாத்திரி மகரிஷி பேசுவார். சரக்குதான் வேறு, தொண்டை ஒன்றே.

எங்களவர் வங்கியில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கிளைக்குள் நுழைந்து, ரொக்கத்தை எண்ணி, நகைக்கடன் பொட்டலங்களைப் பிரித்து எடைபோட்டு, குறை எழுதிவிட்டு அடுத்த ஊருக்கு ரயிலேறுகிற வேலை. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் தணிக்கை செய்ய எதுவும் இல்லை. ஒரு வாரம் வீட்டு மளிகைக் கணக்கைப் பார்த்தார். பெருங்காயம் ஏன் போன மாதத்தைவிட அதிகம் என்று கேட்ட அன்று, அவர் மனைவி, எதைத் தேடுவதானாலும் வெளியே போய்த் தேடும்படி சொல்லிவிட்டார். வாழ்க்கையின் அர்த்தத்தைத் தேடும் பயணம் அப்படித்தான் தொடங்கியது.

முதல் கிளை, யோகா. ஜூன் 21 உலக யோகா தினமாக முதன்முதலில் கொண்டாடப்பட்ட 2015இல் நீல நிறப் பாய் ஒன்று வாங்கினார். மூன்றே மாதத்தில் குறையைக் கண்டுபிடித்துவிட்டார். “பதஞ்சலி எழுதினது 196 சூத்திரம் சார். அதுல நேரா ஆசனத்தைப் பத்தி இருக்கறது மூணு. இந்தப் பொண்ணு ஒரு மணி நேரமும் ஆசனமே போடச் சொல்லுது. பாக்கி 193 எங்க?” வகுப்பு எடுத்த பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. பாக்கி எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. பாய் இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. அதில் கூழ்வடாம் ஒட்டாமல் வருவதாக அவர் வீட்டில் மகிழ்ச்சி.

பிறகு திருவண்ணாமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம். ‘நான் யார்?’ என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கினார். மணிக்கட்டில் இருந்த கடிகாரம் ‘எத்தனை அடி?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. ரமணர் மேல் மரியாதைக்குக் குறைவில்லை. ஒரே ஒரு ஆட்சேபணை: “டாக்குமென்ட் போதாது சார்.” வாத்தியார் இதை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ இலாகாக்காரர் கேள்வி கேட்கக் கேட்க, அப்போது பேசாமலிருந்த ரமணர் மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டியதிலிருந்து வந்ததுதான் ‘நான் யார்?’ என்கிற அந்தச் சின்னப் புத்தகம். “எழுதிக் காட்டினதே டாக்குமென்ட்தானே சார்? கேட்டது ஒரு பிள்ளைவாள், அதனால கொஞ்சம் மணல் போதும். நீங்க கேட்டிருந்தா மெரினா காலியாயிருக்கும்” என்றார்.

பௌத்தம் வீட்டுக்குள் வந்தது ஒரு புத்தர் தலையாக. தலை மட்டும்தான், கழுத்துக்குக் கீழே மரப்பலகை. ஹாலில் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாளே அவர் மனைவி அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு செம்பருத்தியும் செருகிவிட்டார். “புத்தருக்குப் போய் பொட்டா?” என்று தேடல் சார் பூங்காவில் புலம்ப, அதெல்லாம் நம் ஊரில் பழைய வழக்கம்தான் என்று வாத்தியார் ஆறுதல் சொன்னார். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று பூசை வாங்கிக்கொண்டிருந்த சாமி உண்மையில் புத்தர் என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்து, 2022இல் உயர் நீதிமன்றமே அதை ஏற்றுத் தீர்ப்பு எழுதியது. “அங்க தலைவெட்டி, இங்க தலை மட்டும். கணக்கு எங்கயோ டேலி ஆகுது பாருங்க.”

‘நான்’ என்று தனியாக ஒன்று கிடையாது என்று அந்த நாட்களில் எங்களுக்கு அடிக்கடி சொல்வார். ஒரு மடத்துக்கு நன்கொடை கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரசீதில் இனிஷியல் இல்லை. பஸ் பிடித்துத் திரும்பப் போய்ச் சேர்த்து வாங்கிவந்தார்.

“இல்லாத ஆளுக்கு எதுக்கு சார் இனிஷியல்?” என்றார் எஞ்சினியர்.

“இல்லைங்கறது தத்துவம். இனிஷியல் ரெக்கார்டு.”

இப்படியே போயிருந்தால் அவர் இந்நேரம் ஜென்னுக்கோ, சூஃபிக்கோ இடம் மாறியிருப்பார். விபாசனா தியானத்தில் கொண்டுவந்து அவரை நிறுத்தியது ஒரு தகவல். மியான்மரில் பிறந்த வியாபாரி கோயங்கா, ஒற்றைத் தலைவலி தாங்காமல் 1955இல் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் போனதும், தலைவலிக்கு வைத்தியம் என்று வந்தால் இங்கே இடமில்லை என்று அவர் முதலில் மறுத்ததும், 1969இல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து வகுப்பு எடுக்க ஆரம்பித்ததும் எங்களுக்கு இப்போது மனப்பாடம். ஆனால் தேடல் சார் விழுந்த இடம் வேறு. அந்த ஊ பா கின், 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அந்த நாட்டின் அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆனவர்!

“அக்கவுன்டன்ட் ஜெனரல் சார்! ஆபீஸ்லயே ஸ்டாஃபுக்குத் தியானம் சொல்லிக் குடுத்திருக்கார். நான் இத்தனை வருஷம் சாமியாரைத் தேடினேன் பாருங்க, அதான் தப்பு. தேடியிருக்க வேண்டியது கணக்குப்பிள்ளையை!”

பத்து நாள் முகாமுக்குப் போனார். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினொரு மணிக்குச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பழமும், அதோடு சரி. பேசக் கூடாது, சைகை கூடாது, அடுத்தவர் கண்ணைப் பார்க்கக் கூடாது. போன் இல்லை, புத்தகம் இல்லை, பேனா காகிதமும் இல்லை. கட்டணமும் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் முதல் இரண்டு ராத்திரி அவரைத் தூங்கவிடவில்லை. காசு வாங்காமல் சாப்பாடு போடுகிறார்கள் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம்.

“பேனா இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?” என்று கேட்டேன். முப்பது வருடம் சட்டைப் பையில் சிவப்புப் பேனா வைத்திருந்தவர்.

“மனசுலயே குறிச்சுக்கிட்டேன். மொத்தம் 43 பாயின்ட்.”

அந்த 43ஐயும் கேட்டோம். யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் எழுபது பேரின் ஜாதகத்தோடு வந்திருந்தார். மூன்றாம் வரிசையில் நாலாம் நாள் அழுதவருக்குச் சொத்துத் தகராறு, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பச்சைச் சட்டைக்காரருக்கு மூலம், உட்காருகிற விதம் சொல்லிவிட்டது. ஒருவர் தினமும் இரண்டு வாழைப்பழம் எடுத்தார், எட்டு நாளும் அதே ஆள். அறைத்தோழர் குறட்டை விடுவதில்லை, ஆனால் தூக்கத்தில் ‘லட்சுமி’ என்கிறார். மனைவி பெயர் லட்சுமியாக இருக்காது என்பது சாரின் அபிப்பிராயம். முதல் மூன்றரை நாள் மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்களாம். எந்த மூச்சை என்று இவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாலாம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், தினம் மூன்று தடவை. ஆறாம் நாள் மூக்கு நுனியில் ஓர் அரிப்பு வந்தது. அந்த அரிப்பை மட்டும் அவர் எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் விவரித்தார். “சொறியக் கூடாது சார், வேடிக்கை பார்க்கணும். வந்துது. ஏறுச்சு. மலை மாதிரி ஆச்சு. திடீர்னு பார்த்தா இல்ல! அனிச்சா சார், எல்லாமே அனிச்சா!”

“அனிச்சமா?” என்றார் வாத்தியார், கண் மலர. “மோந்தா வாடிப்போகுமே, வள்ளுவர் பூ?”

“அனிச்சா சார். பாலி மொழி. நிலையில்லாததுன்னு அர்த்தம்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்?”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. போய்வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், கோபத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இரண்டு பேரைத் தெரியும். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்பதுதான் கஷ்டம். நான் போகாததற்குக் காரணம், விடிகாலை நாலு மணிக்கு எழுப்புகிற எந்த ஞானமும் என் உடம்புக்கு ஒத்துவராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான், எதற்கும் எதிர்வினை கூடாது, சமநிலைதான் சாரம் என்று எஞ்சினியருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். காபி வந்தது. காலை டிகாஷனைச் சூடுபண்ணிப் போட்டது என்பது எங்களுக்கே தெரிந்தது. தேடல் சார் ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் நெற்றியிலிருந்து மோவாய் வரை மெல்ல மெல்ல இறங்கியது. வாத்தியார் என் பக்கம் சாய்ந்து, “அனிச்சம்” என்றார்.

போன மாதம் இரண்டாம் முறையாகப் போனார். ‘பழைய மாணவர்’ என்று அங்கே பெயராம், எம்.ஏ. முதல் வகுப்பு மாதிரி அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். பழைய மாணவருக்குச் சாயங்காலம் டீ, பழம் கிடையாது, எலுமிச்சைச் சாறு மட்டும். பெஞ்சில் எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. முதல் நாள் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் குயில் கூவியதைக் கேட்டோம். நாலாம் நாள் எஞ்சினியர், தான் கட்டிய பாலத்துக்குச் சிமென்ட் வந்த கதையை ஆரம்பித்தார். அதற்கு மூக்கு அரிப்பு எவ்வளவோ தேவலை.

பன்னிரண்டாம் நாள் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். உட்கார்ந்தார், பேசவில்லை. எங்களுக்குப் பயமாகப் போய்விட்டது.

“என்ன சார், கெடச்சுதா?” என்று வாத்தியார்தான் கேட்டார்.

“ஒன்பதாம் நாள் சாயங்காலம்.” குரல் தணிந்திருந்தது. “ஒரு நிமிஷம் இருக்கும். கால் வலி இல்ல, கால் இல்ல. பக்கத்துல யாரு, என்ன சட்டை, ஒண்ணும் தெரியல. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல சார். எல்லாம் அப்படியே சரியா இருந்துது.”

எஞ்சினியர் கொசு அடிக்கத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேட ஆரம்பிச்சேன். போயிடுச்சு.”

யாரும் எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் கொஞ்சம் நகர்ந்து அவருக்குச் சாய இடம் கொடுத்தார்.

“வார்த்தையாவது கெடச்சுதா?”

தேடல் சார் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

“மணி ஆறேகால்தானே ஆகுது? சொல்றேன் கேளுங்க. அந்த ஹால் இருக்கு பாருங்க, அதுல கிழக்குப் பக்கம் மொத்தம் எட்டு ஜன்னல்...”