மைசூரில் உறுமக் கற்ற புலிகள்

செத்த விலங்கின் தோலை உரித்து, உள்ளே ஒரு பொம்மையை வைத்துத் தைத்து, உயிரோடு நிற்பதுபோல நிறுத்தும் கலைக்குத் தமிழில் ‘பாடம் செய்தல்’ என்று பெயர். பொருத்தமான பெயர்தான். எருமைக் கன்றைத் தின்றுவிட்டு நிழலில் கண்ணயர்ந்த நேரத்தில் குண்டு வாங்கிய புலிக்கு, செத்த பிறகாவது எப்படிக் கோபப்பட வேண்டும் என்று பாடம் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்று மைசூரில் இருந்தது. வான் இங்கன் அண்டு வான் இங்கன். 1900-ல் திறந்தார்கள், 1999-ல் மூடினார்கள். புலியும் சிறுத்தையுமாக 43,000-க்கு மேல் அங்கே படித்து வெளியேறியதாகக் கணக்கு. ஒன்றுகூட ஃபெயில் இல்லை.

சிவபெருமானுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. தாருகாவனத்து முனிவர்கள் ஏவிவிட்ட புலியைப் பிடித்தார், உரித்தார், இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடப் போய்விட்டார். உப்புத் தடவி, பெட்டியில் அடைத்து, ரயிலேற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, பில் கட்டி வாங்கும் அவஸ்தை மகாராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும்தான்.

அவர்களுடைய வேட்டையும் லேசுப்பட்டதல்ல. ஊர்க்காரன் கன்றைக் கட்டுவான். ஊர்க்காரன் தமுக்கடித்துக் காட்டைக் கலைப்பான். ஊர்க்காரன் கட்டிய பரணில், ஊர்க்காரன் தோள்கொடுக்க ஏறி உட்கார்ந்து, துரை ஒரே ஒரு விரலை அசைப்பார். புகழ் முழுக்க அந்த விரலுக்கு. 1911 டிசம்பரில் தில்லி தர்பார் முடிந்த கையோடு ஐந்தாம் ஜார்ஜ் நேபாளத்துத் தராய்க் காட்டுக்குப் போனார். 600-க்கு மேற்பட்ட யானைகள் வளைத்துக் கொடுக்க, பத்தே நாளில் ராஜாவின் வேட்டைக் கூட்டம் 39 புலி, 18 காண்டாமிருகம், 4 கரடியைச் சாய்த்தது. கரடிகள் எதற்கு அந்தப் பக்கம் வந்தனவோ பாவம். சர்குஜா மகாராஜா ஒருவர் தனியாளாகவே ஆயிரத்துக்கு மேல் புலி சுட்டதாகக் கணக்குச் சொன்னார். ராஜ்ய பாரத்தை எப்போது கவனித்தார் என்று கேட்கக் கூடாது.

சுட்டு முடித்ததும் டேப் வரும். மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, நடுவே நேராக அளப்பது ஒரு முறை. முதுகின் மேடுபள்ளமெல்லாம் டேப்பை வளைத்து நெளித்து அளப்பது மற்றொன்று. இதில் சில அங்குலம் கூடத் தேறும். வைஸ்ராய் வந்தால் மட்டும், பதினோரு அங்குலத்தையே ஓர் அடி என்று குறித்த விசேஷ டேப்பை சமஸ்தானங்களில் வெளியே எடுப்பார்களாம் என்று ஒரு வம்பு உண்டு. நிஜமோ பொய்யோ, பூக்காரம்மாவின் முழத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு நம்புவதில் சிரமமில்லை.

இத்தனை ஆரவாரத்துக்குப் பிறகு மைசூருக்கு வந்து சேர்வது ஒரு மூட்டைத் தோலும் மண்டையோடும்தான். உப்பில் கஞ்சத்தனம் காட்டியிருந்தால் மயிர் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்துவிடும். தப்பிப் பிழைத்ததைப் பதப்படுத்தி, பூச்சி அண்டாமல் ஆர்சனிக் பூசி, காகிதக்கூழில் வார்த்த உடம்பின்மேல் ஏற்றுவார்கள். அந்த உடம்புகளுக்குப் பல அளவுகளில் அச்சுகள் தயாராக இருந்தன. நம் ஊரில் உடம்புக்குச் சட்டை தைப்பார்கள். அங்கே சட்டைக்கு உடம்பு செய்தார்கள்.

பிறகு கண்ணாடிக் கண். கடைசியாக முகம். சம்பளம் முழுவதும் இதற்குத்தான். தூங்குமூஞ்சிப் புலியைச் சுட்டேன் என்று எந்தக் கனவான் விருந்தினரிடம் சொல்வார்? வாயை அகலத் திறந்து, மீசையோரம் மடிப்பு விழ, நாலு கோரைப்பல்லும் தெரிய, பாயப்போகும் தோரணையில் வேண்டும். கல்யாண ஸ்டூடியோக்காரர் மாப்பிள்ளையின் பரு வடுக்களை அழித்துத் தருவது மாதிரி, வான் இங்கன்கள் துரையின் வீரத்தை டச்சப் செய்து தந்தார்கள். பார்க்கப்போனால் அங்கே பாடம் செய்யப்பட்டது புலியே அல்ல.

தொழில் தெரியாதவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் ஒரு சிங்கம் நிற்கிறது. 1731-ல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் ஸ்வீடன் ராஜாவுக்கு அனுப்பிய பரிசு. அது செத்த பிறகு, சிங்கத்தையே பார்த்திராத ஆசாமி கையில் தோலும் எலும்பும் போய்ச் சேர்ந்தன என்பார்கள். நாக்கைத் தொங்கப்போட்டு, பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்த பையனைப்போல இன்றுவரை முழித்துக்கொண்டிருக்கிறது.

மைசூர்க் கடையை ஆரம்பித்த யூஜின் வான் இங்கன் டச்சு வம்சாவளி. குறும்புக்காரராகவும் இருந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பாதிப்பேர் ஆங்கிலேயர். பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களோ போத்தா, டி வெட், ஜூபேர் என்று, தென்னாப்பிரிக்காவில் அதே ஆங்கிலேயரைத் திணறடித்த போயர் தளபதிகளுடையவை. துரை தன் புலியை வாங்க வரும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு தளபதியைக் கூப்பிட்டால் போதும்.

டி வெட்டுக்குத் துப்பாக்கியோடு தூண்டிலும் பிடிக்கும். 1946-ல் கபினி ஆற்றில் அவர் இழுத்துப்போட்ட மஹ்சீர் மீன் 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. தூண்டில்காரர்கள் கையை விரித்துக் காட்டும் அளவு வருஷா வருஷம் வளரும். இவருக்குத் தராசு இருந்தது. மீனைப் பாடம் செய்வதில் ஒரு வசதி, அதற்குக் கோபம் கற்றுத்தர வேண்டாம். ஒரே கஷ்டம், காய்ந்தால் நிறம் போய்விடும், திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும். மீனாகப் பிறந்தாலும் மேக்கப் இல்லாமல் சுவரில் ஏற முடியாது.

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. புதிய மாணவர் சேர்க்கை நின்றது. கடை அப்புறமும் இழுத்துப்பறித்து ஓடியது. ஜூபேர் நூறு வயதைத் தாண்டி 2013-ல் போய்ச் சேர்ந்தார். அவர்கள் பாடம் செய்த புலிகள் லண்டன் ஏலங்களில் இன்னும் விலைபோகின்றன. இங்கே அந்த பாக்கியம் இல்லை. தாத்தா சுட்ட புலிக்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும், விற்கவும் கூடாது. ஆகவே பல பங்களாக்களில் அது அப்படியே தொங்குகிறது, ஒரு காதில் பல்லி குடித்தனம் வைக்க, வாயை முழுசாகத் திறந்தபடி. தீபாவளிக்கு முந்தின வாரம் யாராவது ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பிரஷ்ஷால் அதற்குப் பல் விளக்கிவிடுகிறார்கள்.